அறுபது லீற்றர்

மூன்று வருசம் ஒருநாளும் நிரம்பாத தாங்கி
என்று நான்தான் சொல்லித் திரிந்தேன்.
கல்லடிப் பாலத்தடியில் படகைத் திருப்பும்போது
இந்த வாவியில் கக்கூஸ் உள்ள படகு இது ஒன்றுதான்
என்று பயணிகளிடம்
விலையோடு சேர்த்துச் சொல்வேன்.

ஆனியில் நாற்றம் தொடங்கியது.
முதலில் செத்த எலி என்றோம்.
மறுகா, ஆரோ சத்தி எடுத்தது என்றோம்.
டெற்றோல். எலுமிச்சம் தோல். ஊதுபத்தி.
மல்லிகை மணக்க மணக்க
அதற்குள்ளிருந்து இது மணந்தது.

அந்திராடோ வந்தார், மூக்கைக் கட்டாமல்.
நாற்பது வருசம் இரும்பு ஒட்டிய மூக்கு,
இனிக் கெட என்ன இருக்கு என்றார்.
நான் ரோச் பிடித்தேன்.
தாங்கியின் அடியில் பெருவிரலை வைத்தார்.
விரல் உள்ளே போனது.

அலுமினியம்.
வெளியே உப்பும் உள்ளே மூத்திரமும் தின்று
கடுதாசியாகிப்போன அலுமினியம்.

"பவுசர் எத்தனை தரம் கூப்பிட்டனீங்க?"
ஒருதரமும் இல்லை.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
அடித்தட்டில் கிடந்த பம்பைப் பார்த்தார்.
தண்ணீர் ஏறினால் தானாக ஓடி
வெளியே துப்புகிற பம்ப்.
ஆனியில்தான் அது பழுதானது.

பம்ப் ஓடியவரை மணக்கவில்லை.
மணத்ததெல்லாம் வாவிக்குப் போனது.
துறையிலிருந்து இருபது பாகம் தள்ளி
இடுப்பளவு தண்ணியில்
செல்வரெத்தினம் வலை வீசுகிற இடத்துக்கு.
அவரிடம்தான் நான் இறால் வாங்குகிறேன்.

காத்தான்குடியில் நஜிமுதீன் நீலத் தாங்கியைத் தட்டிக் காட்டினார்:
இருநூறு லீற்றர், மலிவு, மழைத்தண்ணிக்கு.
மழைத்தண்ணிக்கு இல்லை என்றேன்.
எதுக்கென்று சொன்னதும் கையை எடுத்துவிட்டார்.
மெல்லிய சுவர், மணம் ஊடுருவும்.
றப்பர் பை என்றால் மரத்தில் உரசி உரசிக் கிழியும்.
துருப்பிடிக்காத உருக்கு செய்து தருவீங்களா என்றேன் அந்திராடோவிடம்.
"செய்வன். ஆனா முதல் ஓட்டை
என்ர ஒட்டிலதான் விழும்."
தன் கூலியைத் தானே வெட்டிக்கொண்டு
வெள்ளைப் பிளாஸ்ரிக் என்றார்,
சின்னவிரல் தடிப்புச் சுவர்,
நீர்கொழும்பில் சொல்லி எடுக்கவேணும்.

பிஸ்கட் பெட்டிகளை வெட்டி ஒட்டி
ஒரு பொய்த் தாங்கி செய்தோம்.
வாசல் இருபத்திரண்டு அங்குலம்.
நூறு லீற்றர்ப் பெட்டி தோளில் சிக்கி நின்றது.
எண்பது சரிந்து போய்த் திரும்பவில்லை.
அறுபது இறங்கி உட்கார்ந்தது,
நடுமரத்தின் மேல், ஒருபக்கமும் சாயாமல்.
ஒரு லீற்றர் ஒரு கிலோ, நினைவிருக்கட்டும் என்றார்.
எட்டுப் பேர், ஆளுக்கு ஒருதரம்,
ஒரு அமுக்குக்கு இரண்டரை லீற்றர்.
மூன்று பயணம்.
நாலாவதுக்கு முன் பவுசர்.

பழையதை வெளியே எடுக்க வழியில்லை.
தாங்கியை வைத்த பிறகே தளம் போட்டிருக்கிறார்கள்.
அவருடைய தோள் அந்த வாசலால் போகாது.
நான்தான் இறங்கினேன், வாளோடு.
பதினேழு துண்டு.
அந்த இரண்டு நாளும்
என் மகன் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

புதியதற்குக் காற்றுக்குழாய் அகலம் கூட.
மூச்சு முட்டினால்தான் அது நாறும் என்றார்,
திறந்து விட்டால் பேசாமல் கிடக்கும்.

மாநகரசபைப் பவுசர்காரன் துறைக்கு வந்து
"படகுக்கா?" என்று கேட்டான்.
பிறகும் ஒருதரம் கேட்டான்.

அளவுமானி வாங்கக் காசு இல்லை.
இரவுப் பயணத்தில் இயந்திரத்தை நிறுத்தி
மேலே எல்லோரும் துடுப்பின் காம்பைக் காதில் வைத்து
மீன் பாடுகிறதா என்று மூச்சைப் பிடிக்கும்போது
நான் கீழே குந்தி
தாங்கியில் காதை வைத்து
விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வருவேன்,
மேலிருந்து கீழே.
டங். டங். டங்.
தொப்.
பாதிக்குக் கொஞ்சம் மேலே.

செல்வரெத்தினத்திடம் இன்னும் சொல்லவில்லை.
நேற்று ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.
விலை கேட்காமல் கொடுத்தேன்.
மிச்சம் வாங்கவில்லை.